தடுக்கும் கை

அடிக்கத் தெரிந்தவனை வீரனென்று கொண்டாடும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. தடுக்கத் தெரிந்தவனுக்கு நாம் இன்றுவரை ஒரு பெயரும் வைத்தோமில்லை. தப்பித்தவன் என்போம், மனம் சற்றுக் கசந்தால் பயந்தாங்கொள்ளி என்போம். திரைப்படத்திலே கதாநாயகனொருவன் இருபது பேரை அடித்துச் சாய்ப்பது கண்டு சீழ்க்கையடிக்கும் நம் வாலிபர்கள், அவ்விருபது பேருள் ஒருவனுடைய அடியையேனும் அவன் முன்கையால் ஏற்றுத் தடுத்தமைக்காகக் கைதட்டியதை நாம் கண்டதில்லை. தடுக்கவேண்டிய அவசியமே அவனுக்கு நேர்வதில்லையே! அடி விழுந்தாலும் அவனுக்கு வலிப்பதில்லை. வலித்தாலும் உதட்டு இரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரிக்கின்றான்.

நம் முன்னோர் கம்பெடுத்து ஆடிய சிலம்பத்திலே நிலைமை இவ்வாறிருந்ததில்லை. நாம் பிறந்தது சுங்கை பூலோவில், ரப்பர் ஆராய்ச்சிக் கழகத் தோட்டத்து லயத்து வீட்டில். சுங்கை பூலோ என்பதற்கு மலாய் மொழியில் மூங்கிலாறு என்று பொருள். ஊர்ப்பெயரிலேயே கம்பு இருந்தது போலும்! அங்கே மாலை வேளைகளில் சிறுவர்க்குச் சிலம்பம் பயிற்றிய முதியவர் ஒருவர், முதல் இரண்டு மாதம் கம்பைத் தொடவே விடமாட்டார். காலடி, காலடி, மீண்டும் காலடி. பிறகு கம்பைக் கொடுத்தாலும், வீசுவது அவர், ஏற்பது நாம். தலைக்கு வருவது, விலாவுக்கு வருவது, கணுக்காலுக்கு வருவது என்று ஒவ்வொன்றையும் கம்பின் எந்தப் பாகத்தால் ஏற்பதென்று விரல் வீங்கும்வரை கற்பிப்பார். எப்போது வீசலாம் என்று கேட்கும் பையனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பால்மரங்கள் நின்ற அந்நிலத்திலே இன்று குவாசா டாமன்சாரா என்னும் புதுநகரம் எழும்பிக்கொண்டிருக்கின்றது. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. இரயிலும் வந்துவிட்டது. முதியவர் மறைந்து நெடுநாளாயிற்று.

அவர் கற்பித்த அப்பாடத்தை நாம் மறுபடியும் கண்டது, எதிர்பாராத ஓரிடத்தில். சுங்கை பூலோவிலேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் நம் தங்கை வசிக்கின்றாள். அவளுடைய இளைய மகனுக்கு 19 வயது, பொருட்கிடங்கொன்றில் பகல்வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பிறர் ஆடிக் கழித்த வீடியோ விளையாட்டுப் பெட்டியொன்றை வாங்கிவந்து கூடத்தில் வைத்தான். அன்று முதல் இரவுதோறும் திரையிலே சண்டை. அப்பெட்டியை அப்புறப்படுத்த வேண்டுமென்று தங்கை நம்மை வேண்டிக்கொண்டாள். அவளுடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம். ஒன்றைப் பாராமலே விலக்குவது நமக்கு உடன்பாடன்று. ஆதலின் பெட்டியைத் தூக்குமுன் அதனுள் என்ன இருக்கின்றதென்று பார்க்க உட்கார்ந்தோம். ஒரு மாலை மூன்று மாதத்து மாலைகளாயிற்று.

விளையாட்டின் பெயர் ஸ்டிரீட் ஃபைட்டர். ஜப்பானிய நிறுவனமாகிய காப்காம் அதனை 1987-ல் முதன்முதலாக வெளியிட்டது. 1991-ல் வந்த இரண்டாவதுதான் உலகெங்கும் பரவியது. நம் மருமகன் ஆடுவது 2023 ஜூனில் வெளியான ஆறாவது. இருவர் எதிரெதிரே நிற்பர். தலைக்குமேல் ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்க்கோடு. அடிபட அடிபட அது குறையும். முற்றும் தீர்ந்தவன் வீழ்ந்தான். வீரர்களுள் இந்தியன் ஒருவனும் உளன். டால்சிம் என்று பெயர். கைகால்களை ரப்பர்போல் நீட்டி, வாயால் நெருப்புக் கக்கும் யோகி! இந்தியன் என்றவுடன் ஜப்பானியருக்கும் யோகியே நினைவுக்கு வருகின்றான். நிற்க.

கண்ட்ரோலரைக் கையில் வாங்கிய எவரும் செய்வதையே நாமும் செய்தோம். அகப்பட்ட பொத்தான்களையெல்லாம் அழுத்தினோம். மருமகன் சிரிக்கவில்லை. “மாமா, எதையும் அழுத்தாதீர்கள். பின்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஒரு வாரத்துக்கு நீங்கள் அடிக்கவே கூடாது” என்றான். அறுபதைக் கடந்த நமக்கு அக்குரல் மிகப் பழக்கமானதாக இருந்தது.

இவ்விளையாட்டில் தடுப்பதற்கெனத் தனிப் பொத்தான் கிடையாது. (1992-ல் வந்த மோர்ட்டல் காம்பட் என்னும் ஆட்டத்தில் உண்டு.) எதிரிக்கு மறுபுறமாகத் திசைவிசையைப் பிடித்தால், அடி வருங்கால் நம் வீரன் கைகளை உயர்த்தி ஏற்றுக்கொள்வான், அடி வாராவிடில் பின்னோக்கி நடப்பான். விலகுவதற்கும் தடுப்பதற்கும் ஒரே விசை. இதை அமைத்தவர் சண்டையின் இயல்பை நன்கு எண்ணிப் பார்த்தவர் என்றே தோன்றியது.

நின்றபடி தடுத்தால் கணுக்காலுக்கு வரும் உதை உள்ளே புகுந்துவிடும். குந்தித் தடுத்தால் பெரும்பாலானவை நிற்கும். ஆனால் மேலிருந்து இறங்கும் சிலவகைக் குத்துகளும், தாவி வருபவன் அடிக்கும் அடியும் நேரே தலையில் விழும். எனவே குந்தியிருப்பதே வழக்கம். மேலடி புறப்படக் கண்டவுடன் எழவேண்டும். எதிரி நம் தலைக்குமேல் தாவி மறுபக்கம் இறங்கினால் ‘பின்பக்கம்’ என்பதே மாறிவிடும். வலக்கையாகப் பிடித்ததை இடக்கையாகப் பிடிக்கவேண்டும். இவற்றைப் பழகுவதற்கென்றே ஆட்டத்தில் ஒரு பயிற்சிக்கூடம் உண்டு. அங்கே எதிரில் ஒரு பொம்மை நிற்கும். அது என்ன செய்யவேண்டுமென்று நாமே முன்கூட்டிப் பதிவு செய்து வைக்கலாம். மருமகன் அதற்கு ஒரு தாழடியையும் ஒரு மேலடியையும் பதிந்து, எது எப்போது வருமென்று தெரியாதவாறு மாற்றி மாற்றி விடும்படி அமைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். நாம் அந்தப் பொம்மையிடம் பகலெல்லாம் அடிவாங்கிக்கொண்டிருப்போம். கண்ணால் கண்டு கை அசைவதற்கு மனிதனுக்கு ஏறத்தாழக் கால் வினாடி பிடிக்கும். மேலடிகள் பலவும் அதைவிடச் சற்றே மெதுவானவை; அந்தச் ‘சற்று’தான் நமக்குக் கிடைக்கும் இடம். இரண்டாம் வாரத்தில் நாம் கண்டுகொண்டது, எதிரியின் கையைப் பார்ப்பவன் பிந்திவிடுகிறான் என்பது. தோளைப் பார்க்கவேண்டும். சிலம்பாசானும் அதையே சொல்லியிருக்கின்றார்.

பிடித்தெறிதல் என்று ஒன்றுண்டு. அதைத் தடுக்கவே முடியாது. தடுத்துக்கொண்டே நிற்பவனை அணுகி, தோளைப் பற்றித் தூக்கி எறிந்துவிடலாம். அவன் எவ்வளவு கெட்டியாகக் கையை உயர்த்தியிருந்தாலும் பயனில்லை. அதிலிருந்து தப்ப, எதிரி பிடிக்கும் அதே கணத்தில் நாமும் பிடிக்கவேண்டும். ஆமைபோல் ஓட்டுக்குள் ஒடுங்குவதே தடுப்பு என்று எண்ணுவோர் இதனிடம் வந்து பாடம் கேட்கலாம்.

இவையெல்லாம் கைப்பழக்கம். இனிச் சொல்லப்போவதுதான் நம்மை அப்பெட்டியின் முன் மூன்று மாதம் கட்டிவைத்தது.

திரையில் ஒரு வினாடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் அடியும் கிளம்ப இத்தனை படம், கை நீண்டு நிற்பது இத்தனை படம், மீண்டு பழைய நிலைக்கு வர இத்தனை படம் என்று கணக்குண்டு. பயிற்சிக்கூடத்தில் அக்கணக்கைக் கோடுகளாகத் திரையிலேயே பார்க்கலாம். மிக விரைவான சிறுகுத்துக் கிளம்பப் பெரும்பாலும் 4 படம். எதிரி ஒரு பேருதை உதைக்கின்றான்; நாம் தடுத்துவிட்டோம். அவன் காலை மீட்டுக்கொள்வதற்கு நம்மைவிட 8 படம் பிந்துகின்றான் என்று வையுங்கள். அப்போது நம் சிறுகுத்து அவனை எட்டியே தீரும்; அவனால் தடுக்க முடியாது. 2 படம் மட்டுமே பிந்துவானாயின் எட்டாது. ஆயினும் முந்தி அசையும் உரிமை நம்முடையது. மாறாக, சில அடிகளைத் தடுத்த பின்னும் அவனே 3 படம் முந்தியிருப்பான். அந்நேரத்தில் நாம் கையை நீட்டினால், நம் கை கிளம்புமுன் அவன் அடுத்த அடி விழும். நாம் கை நீட்டிய குற்றத்துக்காக அவனுக்குக் கூடுதல் அனுகூலமும் கிடைக்கும். ஆட்டக்காரர் இதனை ‘முறை’ என்கின்றனர். இப்போது உன் முறை. இப்போது என் முறை. தடுத்தல் என்பது முறை மாறும் கணத்துக்காகக் கண்விழித்து நிற்றல்.

கைவிரல் துடிக்கும். அடுத்தடுத்து மூன்றடி வாங்கித் தடுத்தபின், நான்காவது வருமுன் ஒரு குத்தாவது விடவேண்டுமென்று உடம்பே எழும். மருமகன் பக்கத்தில் அமர்ந்து, “பொறுங்கள் மாமா, இன்னும் உங்கள் முறை வரவில்லை” என்பான். நூறு முறை சொல்லியிருப்பான். ஒருநாள் இரவு, தங்கை உறங்கியபின், அடிப்பதைவிடத் தடுப்பதில் அவனுக்கு ஏன் இத்துணை ஆசையென்று கேட்டோம். ஆட்டத்தை நிறுத்தாமலே சொன்னான்.

அவனுடைய அண்ணன் நான்காண்டுகளாகச் சிறையில் இருக்கின்றான். உணவுக்கடை வாசலில் நேர்ந்த சச்சரவில் ஒருவன் அவன் மார்பில் கைவைத்துத் தள்ளினான். இவன் அருகிலிருந்த கட்டையை எடுத்தான். தள்ளியவன் பிழைத்துக்கொண்டான், ஆயினும் வலக்காலை இழுத்தபடியேதான் இன்றும் நடக்கின்றான். அவனுக்கும் இரு குழந்தைகள். அன்று இளையவனுக்கு வயது 15, உடனிருந்தான். “அவன் தள்ளிவிட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தான் மாமா. கையைத் தட்டிவிட்டு அண்ணன் அப்படியே நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அண்ணனுக்கு எப்படி நிற்பதென்று தெரியவில்லை.”

தங்கையின் அச்சம் இதுவே. ஒருவன் அடித்துவிட்டு உள்ளே போனான். இன்னொருவன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அடிக்கப் பழகுகின்றான் என்பது அவள் கணக்கு. சிறையும் அதே ஊரில்தான். அவள் வீட்டிலிருந்து மதில் தெரியாது. ஆயினும் அத்திசைச் சன்னலை அவள் திறப்பதில்லை.

தடுத்துக்கொண்டேயிருப்பவனுக்கும் இவ்வாட்டத்தில் கேடுண்டு என்பதை மறைக்கக்கூடாது. உயிர்க்கோட்டின் கீழே ஆறு பாகமுள்ள இன்னொரு கோடு இருக்கின்றது. தடுக்கும்போதெல்லாம் அது சிறிது கசியும். முற்றும் வற்றினால் வீரன் சோர்ந்துபோவான். அதன்பின் எதிரியின் தனித்திறன் அடிகள் தடுப்பையும் கடந்து உயிரைக் கொறிக்கும். திரையின் ஓரத்து மூலையில் ஒடுங்கியவனுக்கோ பேரிடர்: அங்கே வரும் ஒருவகைப் பேரடியைத் தடுத்தாலும் சுவரில் மோதித் தடுமாறவேண்டும். அதற்கும் மாற்று உண்டு. நடுத்தரக் குத்தும் நடுத்தர உதையுமான இரு பொத்தான்களையும் ஒருங்கே அழுத்தினால் எதிரியின் அடியை விலக்கித் தள்ளலாம். அது பலித்தால் வற்றிய கோடு நிரம்பும். ஆனால் விலக்கக் காத்திருப்பவனை எதிரி பிடித்தெறிந்தால் வழக்கத்தினும் மிகுந்த சேதம். எந்தக் காப்புக்கும் ஓர் ஓட்டை வைத்திருக்கின்றார்கள்.

விலக்கித் தள்ளும் இக்கலையின் உச்சத்தை உலகம் கண்டது 2004 ஆகஸ்டு 1-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பொமோனா என்னும் ஊரில் நடந்த ஈவோ போட்டியில். ஆட்டம் ஸ்டிரீட் ஃபைட்டர் மூன்றாவதன் ஒரு பதிப்பு. ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் மோதினர். டைகோவின் உயிர்க்கோட்டில் மயிரிழை மட்டுமே எஞ்சியிருந்தது. சாதாரணமாகத் தடுத்தாலும் அந்தக் கசிவிலேயே ஆட்டம் முடிந்துவிடும். வோங் தன் பேருதையை ஏவினார். தொடர்ந்து 15 உதைகள். டைகோ பதினைந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கினார். கடைசி உதையை வானத்தில் எழும்பி விலக்கி, இறங்கி அடித்து அச்சுற்றை வென்றார். அப்பதிப்பில் விலக்குவதற்குத் திசைவிசையை எதிரியை நோக்கி முன்னே தட்டவேண்டும். பின்னே பிடித்தால் தடுப்பு. அடி வரும் திசையில் அடி வரும் கணத்திலேயே முன்னே தட்டினால் விலக்கு. கணம் தப்பினால் அடி நேரே விழும். கூட்டம் எழுந்து கூவிய கூச்சலைப் பதிவில் இன்றும் கேட்கலாம். அப்போட்டியின் இறுதியாட்டத்தில் டைகோ தோற்றார். ஜப்பானைச் சேர்ந்த கெஞ்சி ஒபாட்டாவே வென்றார். ஆயினும் அன்று அடித்தவர்களை விடுத்து, விலக்கியவரையே உலகம் இன்றளவும் பேசுகின்றது. சீழ்க்கையடிக்கும் நம் வாலிபர்க்கு இதனைக் காட்டவேண்டும்.

தடுத்தலுக்கும் அடங்கிப்போதலுக்கும் நம் மக்கள் வேற்றுமை காண்பதில்லை என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கின்றது. நம் பாட்டன்மார் தோட்டங்களில் துரையைக் கண்டால் தலை குனிந்து நின்றனர். கங்காணியின் வசவைக் கேட்டுக்கொண்டனர். அதனைப் பொறுமையென்று புகழ்வாரும் உளர், கோழைத்தனமென்று இகழ்வாரும் உளர். இரண்டும் நமக்கு உடன்பாடில்லை. குனிந்தவன் கண் தரையைப் பார்க்கின்றது. தடுப்பவன் கண் எதிரியின் தோளைப் பார்க்கின்றது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டுமென்னும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பது. அரசு படையை வரவழைத்தது; சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; முன்னின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அவ்வேலைநிறுத்தத்தை நாம் டைகோவின் பதினைந்து உதைகளோடு சேர்த்து நினைப்பது உவமையை மிக நீட்டுவதாகச் சிலர்க்குப் படலாம். நமக்கு அப்படிப் படவில்லை. முறை வந்ததென்று கண்டு நிமிர்ந்தவர்கள் அவர்கள்.

பெற்றோரின் மறுப்புகளையும் நாம் அறியாமலில்லை. கண் கெடுகின்றது, இரவு கெடுகின்றது, பணம் கரைகின்றது என்பன மெய். திரையில் விழும் அடி வலிப்பதில்லை என்பதும் மெய். சிலம்பக் கம்பு விரலில் பட்டால் கற்பிப்பதை எந்தப் பொத்தானும் கற்பிக்காது. இதெல்லாம் சிறுபிள்ளைகளின் வேலை என்பது மட்டும் மெய்யன்று. 2019-ல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளிலேயே டெக்கன் என்னும் சண்டையாட்டத்துக்குப் பதக்கம் தந்தார்கள். 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் ஸ்டிரீட் ஃபைட்டர் ஐந்தாவதில் தங்கம் வென்ற தென்கொரியரான கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. அறுபதைக் கடந்தவர்க்கும் ஓர் இடம் வைப்பார்களா என்று கேட்டோம். மருமகன் மரியாதைக்காகப் பேசாதிருந்தான்.

அடிக்கும் பாடமும் அப்பெட்டியில் இருக்கின்றது; அதுவே மிகுதியாகவும் இருக்கின்றது. ஒன்றும் தெரியாதவனும் ஒரு பொத்தானில் பெரிய அடி அடிக்கும்படி வசதி செய்து வைத்திருக்கின்றார்கள்; விற்பனைக்கு அதுதான் உதவும். பிள்ளை எதைக் கற்கின்றான் என்பது அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். மூடிய கதவுக்கு வெளியே நின்று ஒலியை மட்டும் கேட்கும் தாய்க்கு அத்தனையும் அடியாகவே கேட்கும்.

பெட்டியை நாம் தூக்கவில்லை. தங்கையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காரவைத்தோம். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அவன் இவ்வளவு அடிக்கிறானே, நீ ஏன்டா சும்மா நிற்கிறாய்?” என்று மகனைக் கேட்டாள். “சும்மா நிற்கவில்லை அம்மா” என்றான். அவள் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. பத்து மணிக்குமேல் ஆடக்கூடாது, ஒலியைக் குறைக்கவேண்டும் என்று இரண்டு நிபந்தனை விதித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சென்ற மாதம் சிறைக்குச் சென்றபோது இளையவனும் உடன் சென்றான், ஓராண்டாகப் போகாதிருந்தவன். கண்ணாடிக்கு அப்பாலிருந்த அண்ணனிடம் என்ன பேசினானென்று நாம் கேட்கவில்லை. தங்கை சொன்னாள்: பேச்சு கொஞ்சந்தானாம், இருவரும் கைகளை முகத்துக்கு உயர்த்தியும் தாழ்த்தியும் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார்களாம், காவலர் ஒருமுறை திரும்பிப் பார்த்தாராம்.